ஓடும் வண்டியில் மடக்கு மேசை

இப்பகுதியில் நாம் வழக்கமாக எழுதுவது ரயிலைப் பற்றி. டிக்கெட்டு, பார்சல், கால அட்டவணை ஆகியவற்றோடு நம் வேலை முடிந்துவிடும். இம்மாதம் ரயிலைவிட்டு இறங்கிச் சாலைக்கு வரவேண்டியதாயிற்று. நாகபுரியிலிருந்து தெற்கே போகும் நம் குடும்பங்களில் பல, கோடை விடுமுறை வந்தால் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வீடுகளாகச் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே செல்கிறது. ஐதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், மதுரை என்று அந்த ஒரே சாலை கன்னியாகுமரி வரையில் கொண்டுபோய் விட்டுவிடும். அரிசி, பருப்பு, அடுப்பு, ஜமக்காளம், சாப்பாடு பரிமாற ஒரு மடக்கு மேசை ஆகிய சகலமும் வண்டியில் ஏறிவிடுகின்றன.

காம்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டார் ஒரு பழைய வேனை வாங்கி, தச்சரைக் கொண்டு உள்ளே இரண்டு படுக்கைப் பலகைகளும், சுவரோடு மடங்கும் மேசை ஒன்றும் அமைத்திருக்கிறார்களாம். மரத்தடியில் போட்டு உண்பதற்குத் தனியாக ஒரு மடக்கு மேசையும் உண்டாம். சுவர் மேசை ஒவ்வொரு வேகத்தடையிலும் தானே திறந்துகொண்டு தொப்பென்று விழுகிறது. தனி மேசையோ பிரேக் போட்டால் முன்னே ஓடி வருகிறது, ஏற்றத்தில் பின்னே ஓடுகிறது. "இதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா? ரயில்வேக்காரருக்குச் சாமான் கட்டத் தெரியாமலா இருக்கும்?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரியின் நம்பிக்கைக்கு நன்றி. சாமான் கட்டுவது பற்றி நமக்கு ஓரளவு தெரியும். பார்சல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் கால் ஒடிந்த மேசைகளை நிறையவே பார்க்கிறான். ஆயினும் ரயிலில் கற்ற பாடத்தை அப்படியே சாலைக்குக் கொண்டுபோவதுதான் இந்த விஷயத்தில் உள்ள பெரிய அபாயம் என்பது நம்முடைய எண்ணம். அதை முதலில் சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு வருகிறோம்.

கேரவன் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்குச் சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வரும். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபின் சாதாரணக் குடும்பங்களும் அந்தச் சொல்லைப் புழங்கத் தொடங்கிவிட்டன. சொல் பாரசீகத்தினின்று வந்தது. கூட்டமாகச் செல்லும் பிரயாணிகளைக் குறித்தது. பழந்தமிழில் அத்தகைய வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். உப்பு விற்கும் உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு நாடெல்லாம் சுற்றினார்கள். அவர்கள் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று காட்டுகிறது. கனமான பொருளைத் தலைக்குமேல் வைக்காமல் அடியில் கட்டினார்கள் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி ரயிலுக்கு வருவோம். வடக்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று ரயிலிலேயே பழகியவர்கள். சன்னலோரத்துச் சிறு மேசையில் காப்பித் தம்ளரை வைத்தால் அது இருந்த இடத்தில் இருக்கும். புளிச்சாதத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டுத் தூங்கலாம். குழந்தை இருக்கைக்கும் சன்னலுக்கும் இடையே நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் நம் கை தானாகவே தம்ளரை மேசைமேல் வைத்துவிடுகிறது.

ரயில் ஏன் அவ்வளவு சாதுவாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு அவசர பிரேக் போட்டாலும், அது நிற்பதற்கு முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் ஆகும்; நேரமோ ஏறத்தாழ ஒரு நிமிஷம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தை அதற்குமேல் பிடிக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் மேசைமேல் உள்ள தம்ளர் மெதுவாகத் தள்ளப்படும், அவ்வளவே. வேன் அப்படியன்று. நல்ல டயரும் உலர்ந்த சாலையுமாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் மிதித்தபின் 35 மீட்டருக்குள், மூன்று நான்கு விநாடியில் நின்றுவிடும். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் சாமானை அது தள்ளும் விசை, ரயிலில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. பத்துக் கிலோ எடையுள்ள மடக்கு மேசையை ஏழு கிலோ விசையோடு ஒருவர் முன்புறம் இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். வழவழப்பான தரையில் அது ஓடாமல் என்ன செய்யும்? காம்டி சகோதரியின் மேசை ஓடி வருவதில் வியப்பில்லை.

இது பிரேக் போட்டால் வரும் விசை. மோதல் நேர்ந்தால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், பொருளின் எடையைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு விசை பிறக்கும். அந்தப் பத்துக் கிலோ மேசை அக்கணத்தில் 140 கிலோ. அதன் விளிம்பு முன்னிருக்கையில் அமர்ந்தவரின் பிடரியின் நேரே இருக்குமானால் விளைவை எழுத நமக்கு மனமில்லை.

சரி, மேசையை அசையாமல் இறுகப் பொருத்திவிட்டால் தீர்ந்ததா? அதுவும் தீரவில்லை. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கல்யாணத்துக்காக வேனில் தெற்கே போயிற்று. அந்த வண்டியில் மேசைக்கு ஒற்றைக்கால்; தரையில் உள்ள குழியில் அதைச் செருகித் திருகிவிட்டால் ஆட்டம் அசைவு கிடையாது. பேரப்பிள்ளைகள் சீட்டாடுவதற்காக மேசையை விரித்தபடியே விட்டிருந்தார்கள். சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு லாரி திரும்பியது. டிரைவர் நல்ல டிரைவர்; சரியாகவே நிறுத்தினார்; வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. மேசையும் இருந்த இடத்தைவிட்டு அணுவளவும் நகரவில்லை. நகர்ந்தவர் பாட்டியம்மாள்தான். மேசையின் விளிம்பு மார்பில் மோதி இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை; ஆஸ்பத்திரியில் படுத்தபடி ஃபோனில் நாதஸ்வரம் கேட்டார்.

ஆகவே ஓடும் வண்டியில் மேசைக்கு இரண்டு குணம் உண்டு. கட்டாத மேசை மனிதன்மேல் வந்து விழும். கட்டிய மேசை விரிந்து நின்றால் மனிதன் அதன்மேல் போய் விழுவான். சக்கரம் உருளத் தொடங்குமுன் மேசை மடங்கியும் இருக்கவேண்டும், கட்டியும் இருக்கவேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் போதாது. பாதுகாப்பு பெல்ட்டு அணிந்தவர்களுக்கும் இது பொருந்தும். பெல்ட்டு இடுப்பைப் பிடித்தாலும் தலை முன்னே குனியும். அங்கே மேசை விளிம்பு காத்திருக்கும்.

முன், பின், பக்கம் என்று மூன்று திசைகளைத்தான் சாமான் கட்டுபவர்கள் நினைக்கிறார்கள். மேல்நோக்கிய திசையை மறந்துவிடுகிறார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத் தக்கதாய் இருக்கவேண்டும். ஊருக்கு ஊர் நாம் காண்பதோ, தெருவாசிகள் ஒரு ராத்திரியில் எழுப்பிய சிறு மலை. அதில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது, பின்சக்கரத்துக்கும் பின்னால் உள்ள பகுதி மற்ற இடங்களைவிட அதிகமாகத் தூக்கிப்போடும். கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசையை அங்கே வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். இடம் அங்கேதானே காலியாக இருக்கிறது! இயன்றவரை இரு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாக வைப்பதே நலம். உமணர்களின் மாற்று அச்சை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது தனி மேசையைக் கட்டும் முறை. முதலில் மேசையையே ஒரு மூட்டையாக்க வேண்டும். கால்களை உள்ளே மடக்கி, மேசையைச் சுற்றி இரண்டு இடங்களில் நாடாவால் கட்டுங்கள். மேசையோடு வரும் சிறு கொக்கியை நம்பவேண்டாம். அது கையில் தூக்கிச் செல்வதற்காக வைத்தது, நெடுஞ்சாலைக்காக வைத்ததன்று. கட்டும்போது காலைமட்டும் சுற்றிக் கட்டாதீர்கள். பார்சலில் வரும் மேசைகளில் ஒடிந்தவற்றைப் பார்த்தால் பாதிக்குமேல் இப்படிக் கட்டியவைதான். இழுப்பு முழுவதும் கால் பொருந்திய கீலில் விழுந்து ஆணி பிடுங்கிக்கொள்கிறது. நாடா மேற்பலகையைத் தழுவிச் செல்லவேண்டும். நான்கு மூலைகளுக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிவிட்டால் மூலை மழுங்கும். வண்டியின் சுவரும் கீறாது.

பிறகு இடம். படுக்கைப் பலகைக்கு அடியில் தரையோடு படுக்கவைக்க முடியுமானால் அதற்கு மேலான இடம் இல்லை. கீழே ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கள்; வழவழப்பான தரையைவிட ரப்பர் இரண்டு மடங்காவது பிடிக்கும். முன்பக்கம் ஒரு மரச்சட்டம் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். மேசைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட விடக்கூடாது. இடைவெளி விட்டால் மேசை ஓடிவந்து மோதும். ஒட்டி வைத்தால் சாய்ந்து தாங்கிக்கொள்ளும். லாரிக்காரர்கள் பீப்பாய்களுக்கும் மூட்டைகளுக்கும் இடையே வைக்கோலும் கட்டையும் திணிப்பது இதற்காகத்தான். இடைவெளி மிஞ்சினால் பழைய கம்பளியைச் சுருட்டித் திணியுங்கள்.

படுக்கைக்கு அடியில் இடமில்லாவிட்டால், முன்னால் உள்ள இருக்கையின் முதுகோடு ஒட்டி நிமிர்த்தி வைக்கலாம். மேற்பலகை வண்டி போகும் திசையை நோக்க, கால் மடங்கிய பக்கம் பின்னோக்கி இருக்கட்டும். பிரேக் போட்டால் பலகை முழுவதும் இருக்கையின் முதுகில் அழுந்தும். விசை ஒரே முனையில் குத்தாமல் பரவிவிடும். மேசையின் மேல்விளிம்பு இருக்கையின் முதுகைவிட உயரமாக இருக்குமானால் இம்முறை கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கட்டு, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒரு கட்டு, இவற்றை இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கவேண்டும். இவ்விரண்டும் முன்பின் அசைவைத் தடுக்கும். மூன்றாவதாக ஒரு நாடா, மேல்விளிம்பின்மேல் ஏறி இறங்கி இருக்கையின் அடிக்காலில் முடியவேண்டும். வேகத்தடைக்கு உரியது அதுதான். கதவையோ அவசர வழியையோ மறைத்து மேசையைக் கட்டுவது, பூட்டிய வீட்டில் தீ மூட்டுவதற்கு ஒப்பாகும். டிரைவரின் காலடிப் பக்கம் எந்தச் சாமானையும் வைக்கலாகாது.

எதைக்கொண்டு கட்டுவது? கடைகளில் இரு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு தொங்குகிறது. மோட்டார் சைக்கிளில் காய்கறிப் பை கட்ட அது உதவும், மேசைக்கு உதவாது. ரப்பர் நீளும், நீண்டால் மேசை நகரும், நகர்ந்தபின் திரும்ப இழுக்கும். கொக்கி கை தவறினால் கண்ணைப் பதம் பார்க்கும். நைலான் கயிறும் இழுத்தால் நீளக்கூடியதே. பருத்திக் கயிறு நனைந்தால் இறுகி, உலர்ந்தால் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் கட்டியதை வெயிலில் மறுபடி இறுக்கவேண்டும். பக்கிள் வைத்த பாலியெஸ்டர் பட்டை நாடா கிடைத்தால் அது சிறந்தது, அதிகம் நீளாது. அது கிடைக்காத இடத்தில், நம் வடநாட்டுக் கடைவீதியில் கட்டிலுக்குப் பின்னும் நிவார்ப் பட்டை இருக்கிறதே, அது மலிவு. அகலமாக இருப்பதால் பலகையை அறுக்காது. ஹோல்டாலை வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் அதன் தோல்வார் இரண்டையும் வெட்டி எடுத்து உபயோகிக்கலாம். அந்தப் படுக்கைப் பையைத்தான் இப்போது யாரும் விரிப்பதில்லையே.

சுவரோடு மடங்கும் மேசைக்கு வருவோம். சகோதரியின் மேசை சுவரில் மேல்நோக்கி மடிந்து, உச்சியில் ஒரு காந்தப் பிடிப்பில் நிற்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. வீட்டு அலமாரிக் கதவுக்குக் காந்தம் போதும். வீடு வேகத்தடை ஏறுவதில்லை. மேல்நோக்கி மடியும் பலகைக்குப் பூமியின் இழுப்பே பகை. பிடி விட்டால் திறந்துதான் தீரும். தச்சரிடம் சொல்லிக் கீலை மாற்றி, பலகை கீழ்நோக்கித் தொங்கும்படி செய்துவிடுங்கள். அப்போது அதே இழுப்பு மேசையை மூடி வைக்கும் வேலையைச் செய்யும். பிறகு தாழ்ப்பாளுக்கு உள்ள வேலை, தொங்கும் பலகை ஊசலாடாமல் பிடிப்பது மட்டுமே.

அந்தத் தாழ்ப்பாளும் ஒன்றன்று, இரண்டாக, பலகையின் இரு கோடியிலும் இருக்கவேண்டும். அதைச் செங்குத்தாக, நாக்கு கீழே விழுந்து குழியில் இறங்கும்படி பொருத்துங்கள். படுக்கைவாட்டில் பொருத்திய தாழ்ப்பாள், வண்டியின் அதிர்வில் நூல் நூலாக நகர்ந்து நூறு கிலோமீட்டருக்குள் திறந்துவிடக்கூடும். கீலைப் பொருத்தும்போது மெல்லிய பிளைவுட்டில் மரத்திருகாணி போட்டால் அது பல்லில்லாத வாயில் கரும்பு கொடுத்ததுபோல்தான். பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டு, மறுபுறம் அகலமான வாஷர், அதன்மேல் நைலான் வளையம் வைத்த நட்டு என்று கேட்டு வாங்குங்கள். நைலான் வளையம் போல்ட்டின் மரையைக் கவ்விக்கொள்வதால் அதிர்வில் எளிதில் கழலாது. வாடகை வண்டியானால் துளை போடுமுன் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சொந்த வண்டியானாலும், வேனைக் கேரவனாக மாற்றும் அளவுக்கு உள்ளே வேலை செய்தால், அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியிடம் போகவேண்டிய விஷயம். சகோதரியின் வீட்டார் இதைச் செய்துவிட்டார்களா என்று கேட்டுவைக்கிறோம்.

இவ்வளவும் செய்தபின் நிம்மதியாகப் படுத்துவிடலாமா என்றால், நம் இலாகாவின் அனுபவம் வேறாக இருக்கிறது. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருப்பவை கனத்த இரும்புக் கிளிப்புகள். அவற்றைப் பொருத்தியவர்கள் தேர்ந்த ஆட்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு நாளும் கீமேன் என்ற தொழிலாளி ஒருவர், சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தம் பகுதித் தண்டவாளம் முழுவதும் நடந்தே பார்த்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்கிக்கொண்டு போகிறார். வெயிலானாலும் மழையானாலும் அவர் நடை நிற்பதில்லை. சன்னலோரத்தில் காப்பித் தம்ளர் ஆடாமல் நிற்கிறதென்றால் அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஓடுகிற எதுவும் அதிரும். அதிர்கிற எதுவும் தளரும். முதல் நாள் போட்ட கட்டு மூன்றாம் நாளும் அப்படியே இருக்குமென்று ரயில்வே நம்பவில்லை. வேன்காரர்கள் ஏன் நம்பவேண்டும்?

ஒவ்வொரு வண்டியிலும் ஒருவரைக் கீமேனாக நியமித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனோ பெண்ணோ போதும். அவர்கள் பெரியவர்களைவிடக் கண்டிப்பானவர்கள். புறப்பட்ட இருபது முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை வண்டியை நிறுத்திக் கட்டுக்களைப் பார்க்கவேண்டும். புதிய கட்டு முதலில்தான் அதிகமாகத் தளரும். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறப்படுமுன் ஒரு சுற்று. நாடாவை விரலால் சுண்டினால் விறைப்பாக இருக்கவேண்டும். தாழ்ப்பாள் இரண்டும் இறங்கியிருக்கவேண்டும். "சரி" என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பது. கார்டு பச்சைக் கொடி காட்டாமல் ரயில் புறப்படுவதுண்டா? ஓடும்போது எங்காவது கடகடவென்று ஓசை கேட்டால், ரேடியோவை உரக்க வைத்து அதை மறைக்கவேண்டாம். எது ஆடுகிறது என்று அடுத்த நிறுத்தத்தில் தேடிக் கம்பளித் துண்டை வைத்து அடக்குங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர்க் கணவாயைத் தனியே சொல்லவேண்டும். 44-ஆம் எண் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு அது நீண்ட இறக்கம். விபத்துக்குப் பேர்போன இடம். அங்கே முன்னால் போகும் லாரி எப்போது தடுமாறும் என்று சொல்ல முடியாது. நாகபுரியில் போட்ட கட்டை நம்பி அந்த இறக்கத்தில் இறங்கவேண்டாம். தர்மபுரியிலேயே காப்பிக்கு நிறுத்தி, கீமேனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

மேசை என்றால் அடுத்தது அடுப்பு. மேசை விரிந்திருக்கும்போது பற்றவைத்த அடுப்பு அதன்மேல் இருக்கிறதென்றால் வண்டி அசையவே கூடாது. அசையாத வண்டியிலும் உள்ளே அடுப்பு மூட்டுவதை நாம் ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில், லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டி வண்டியிலிருந்து கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் அதிகாலையில் தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. ரயிலில் சிலிண்டர் கொண்டுசெல்வது குற்றம். சொந்த வேனில் கேட்பாரில்லை என்பதால் அபாயம் குறைந்துவிடாது. மேசையையும் அடுப்பையும் வெளியில், காற்றோட்டமான இடத்தில் போட்டுச் சமைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை வால்வு மூடி, நிமிர்த்தி, தனியே கட்டவேண்டும். மேசையோடு சேர்த்துக் கட்டினால் ஒன்று அவிழும்போது மற்றதும் அவிழும்.

வீட்டுப் பெரியவர்களின் ஆட்சேபம் என்னவென்று நமக்குத் தெரியும். "வண்டி ஓடும்போதே சாப்பாட்டை முடித்துவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்" என்பார்கள். ரயிலில் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. நேரக் கணக்கில் மேசையை மடக்கிக் கட்ட ஐந்து நிமிஷம், அவிழ்த்து விரிக்க மூன்று நிமிஷம். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றாலும் அரைமணிக்குள் அடங்கிவிடும். ஓடும்போது பசித்தால் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக் கொடுங்கள். சாம்பார் நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். சூடான எதுவும் ஓடும் வண்டியில் திறக்கவே கூடாது.

காம்டி சகோதரி கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அந்தத் தனி மேசையை ரயில் பார்சலிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டு, வேனில் இடத்தை மிச்சம் பிடிக்கலாமா? தாராளமாக அனுப்பலாம். கால்களை மடக்கி மேலே சொன்னபடி பலகையைத் தழுவிக் கட்டி, சாக்கில் வைத்துத் தைத்து, அனுப்புநர் பெறுநர் விலாசங்களை இரு பக்கமும் அழியாத மையில் எழுதி, உள்ளேயும் ஒரு சீட்டு வைத்துவிடுங்கள். பழைய பிரயாணத்தின் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் கிழித்துவிடவேண்டும். அதைப் பார்த்து மேசை வேறு ஊருக்குப் போன கதைகள் உண்டு. பார்சல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காணாமற் போனாலோ சேதமடைந்தாலோ, ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கோரிக்கை கொடுக்கவேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 106-ஆம் பிரிவு. கண்ணாடி பதித்த மேசையானால் பார்சலும் வேண்டாம், வேனும் வேண்டாம்; வீட்டிலேயே இருக்கட்டும்.